கர்ப்பிணிகளுக்கான புகையிலை ஆலோசனை: ஓர் ஆரம்ப சுகாதார நிலையச் சேவை எப்படி இருக்கிறது?

முக்கூடல், ஆலங்குளம், கடையம் பக்கத்து ஊர்களில் ஒரு கர்ப்பிணியிடம் "புகைபிடிக்கும் பழக்கம் உண்டா?" என்று கேட்டால் சிரிப்பாள், அல்லது கோபப்படுவாள். 2016-17இல் இந்தியா முழுவதும் நடந்த வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி புகைபிடிக்கும் பெண்கள் 2 விழுக்காட்டினர்தான். ஆண்கள் 19 விழுக்காட்டினர். மெல்லும் புகையிலை போன்ற புகையில்லா வகைகளைப் பயன்படுத்தும் பெண்களோ 12.8 விழுக்காட்டினர். ஆகவே, அந்த ஒரு கேள்வியோடு நின்றுவிடும் எந்த ஆலோசனையும் எங்கள் பக்கத்துப் பெண்களுக்குப் பெரிதாக உதவாது. வீட்டில் கணவனும் மாமனாரும் விடும் புகையும், வெற்றிலையோடு வாய்க்குள் போகும் பொயிலையும், மடியில் சொளவை வைத்துப் பீடி சுற்றும்போது கையில் ஒட்டும் தூளும் அந்தக் கேள்விக்குள் வருவதில்லை.

தம்பி மனைவியின் பேறுகாலத்தில் அவளுக்குத் துணையாகப் போய்வந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த மூன்றையும் சேர்த்தே கேட்டார்கள். அதனால்தான் அந்தச் சேவையைப் பற்றி எழுதத் தோன்றியது. அதில் குறைகளும் இருக்கின்றன. அவற்றையும் சொல்லியாக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான நாள். எடை, ரத்த அழுத்தம், ரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை எல்லாம் வரிசையாக முடிந்து, மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பாக ஒரு சிறிய அறையில் நான்கைந்து பேராக உட்காரவைத்துச் செவிலியர் பேசுகிறார். எங்கள் முறை வந்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்ல யாரும்மா பீடி குடிக்காங்க?" என்பது. "அவுகதான் குடிக்காவ. உள்ள குடிக்க மாட்டாவ, திண்ணைலதான்" என்றாள் ஒரு பெண். "திண்ணைக்கும் உங்க கட்டிலுக்கும் நடுவுல எத்தன சன்னல் இருக்கு?" என்று திருப்பிக் கேட்டார் செவிலியர். அதட்டல் இல்லை, பாடம் படிப்பதுபோன்ற குரலும் இல்லை. அடுத்து, பீடி சுற்றத் தட்டில் உட்காருவது யார், தூளை எந்த அறையில் வைக்கிறார்கள், மசக்கை தாங்காமல் வெற்றிலை போடுகிறவர்கள் அதில் பொயிலை சேர்க்கிறார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கர்ப்பிணிகள் அனைவரிடமும் புகைபிடிப்பது, மெல்லும் புகையிலை, பிறர் விடும் புகை ஆகிய மூன்றையும் பற்றி விசாரிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட பரிந்துரைகள் சொல்கின்றன. பீடித் தட்டைப் பற்றிய கேள்வி இந்த ஊரின் தேவையறிந்து அவர் தாமாகச் சேர்த்துக்கொண்டதாகத்தான் இருக்க வேண்டும்.

விளக்கம் சொன்ன விதம் இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதி. மேசையின் ஓரத்தில் தொங்கிய பழைய சலைன் குழாயில் தண்ணீர் சொட்டவிட்டு, குழாயின் நடுவில் இரண்டு விரல்களால் லேசாக நசுக்கிக் காட்டினார். சொட்டு தயங்கித் தயங்கி விழுந்தது. நிக்கோட்டின் கருப்பைக்குச் செல்லும் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் இப்படித்தான் குறைகிறது என்றார். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு செய்யும் வேலை வேறு: ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொண்டு, ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தை அடைத்துவிடுகிறது. கருவின் ரத்தத்தில் அதன் அளவு தாயின் ரத்தத்தில் இருப்பதைவிடக் கூடுதலாகத் தேங்குகிறது என்பதை மருத்துவர் பின்னர் சொன்னார். ஏற்கெனவே ரத்தசோகையோடு வரும் பெண்கள் நிறைந்த அறையில் இந்தச் செய்திக்கு எவ்வளவு பொருள் உண்டு என்பதை, அட்டையில் எழுதப்பட்டிருந்த அவரவர் ரத்த அளவைப் பார்த்தாலே விளங்கும்.

தாய் புகைபிடித்தால் குழந்தை சராசரியாக 200 கிராம் அளவுக்கு எடை குறைந்து பிறக்கிறது. 37 வாரம் நிறையுமுன் பிறப்பது கூடுகிறது. கருக்குழாயிலேயே கரு தங்கிவிடுவது, கருச்சிதைவு, நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்துக் கீழே அமைவது, அது பிரசவத்துக்கு முன்பே பிரிந்து தாய்க்குப் பெரும் ரத்தப்போக்கு உண்டாவது ஆகியவற்றுக்கான ஆபத்தும் கூடுகிறது. இதில் கடைசியாகச் சொன்னது நேர்ந்தால் தாயை உடனே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஏற்ற வேண்டியிருக்கும் என்று செவிலியர் சொன்னபோது அறையில் பேச்சு நின்றது. தாய் புகைக்காமல் வீட்டில் பிறர் புகைத்தாலும், சிறிய அளவில் எடை குறைவதும், கருவிலேயே குழந்தை இறக்கும் வாய்ப்பு கூடுவதும் ஆய்வுகளில் தெரிய வந்திருக்கின்றன. பீடியில் புகையிலை குறைவுதானே என்று சமாதானம் சொல்பவர்களுக்கும் பதில் இருந்தது: வடிகட்டி இல்லாத அது அடிக்கடி அணைவதால் திரும்பத் திரும்ப இழுக்க வேண்டியிருக்கிறது, அதன் புகையில் நிக்கோட்டினும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறைவாக இல்லை.

ஒரு பெண், சிகரெட் குடிக்கிறவர்களுக்குக் கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறாதாமே, வாட்சப்பில் வந்ததே என்று கேட்டாள். மருத்துவர் அதைச் சிரித்து ஒதுக்கவில்லை. புகைபிடிப்பவர்களுக்கு அந்த வகை ரத்த அழுத்தக் கோளாறு குறைவாகக் காணப்படுவது உண்மைதான் என்றும், மற்ற எல்லாக் கேடுகளையும் சேர்த்துப் பார்த்தால் அது எந்த நன்மையும் ஆகாது என்றும், நஞ்சுக்கொடி பிரிந்துவிட்டால் அந்தக் கணக்கு ஒன்றும் உதவாது என்றும் பொறுமையாகச் சொன்னார். தெரிந்ததை மறைக்காமல் சொல்கிற மருத்துவரை நம்பத்தான் தோன்றுகிறது.

செவிலியரிடம் அந்த நிதானம் ஓரிடத்தில் தவறியது. "ஒரு பீடி குடிச்சாலும் பிள்ள ஊனமாத்தான் பிறக்கும்" என்று அழுத்திச் சொன்னார். புகைபிடிக்கும் தாய்மாரின் குழந்தைகளுக்கு உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு வரும் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது என்பது சரி. கட்டாயம் வரும் என்பது சரியல்ல. முதல் பிள்ளையைப் பறிகொடுத்திருந்த ஒருத்தி அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பயமுறுத்தினால் பெண்கள் பழக்கத்தை மறைப்பார்களே தவிர விட மாட்டார்கள். அதற்கு மாறாக, கர்ப்பத்தின் முதல் சில மாதங்களுக்குள் விட்டவர்களுக்குக் குறைப்பிரசவமும் எடைக்குறைவும் நேரும் வாய்ப்பு புகைக்காதவர்களின் அளவை நெருங்கிவிடுகிறது என்ற நல்ல செய்தியை அவர் சொல்லவே இல்லை. சுவரொட்டியும் அப்படித்தான்: வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி சிகரெட்டோடு நிற்கிறாள். அதில் தன்னைக் காண இந்த ஊரில் ஒருத்தியும் இல்லை.

கணவர்களை அழைத்துப் பேசுவது மெச்சத்தக்கது. வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்த தம்பியைக் கூப்பிட்டு, "சட்டைப் பையில இருக்கிற கட்ட எடுங்க தம்பி" என்றார் செவிலியர். கூச்சத்தோடு எடுத்து நீட்டினான். அந்தப் பீடிக் கட்டின் மேலிருந்த எச்சரிக்கைப் படத்தைவிட்டு, அதனோடு அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற எண்ணைச் சுட்டிக் காட்டினார். கட்டணமில்லாத அந்த எண்ணில் தமிழிலும் பேசலாம். பழக்கத்தை விட விரும்புகிறவர்களுக்கு ஆலோசகர்கள் தொடர்ந்து பேசித் துணை நிற்கிறார்கள். எத்தனையோ கட்டுகளைப் பிரித்தவன் அந்த எண்ணை அன்றுதான் படித்தான். நிக்கோட்டின் சூயிங்கம் ஆண்கள் வாங்கிக்கொள்ளலாம், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது என்ற வேறுபாட்டையும் தெளிவாகச் சொன்னார்கள்.

பீடி சுற்றும் பெண்களுக்கு அவர்கள் தரும் அறிவுரை அரைகுறையானது. ஈரத் தூளைத் தொட்டுக்கொண்டே இருந்தால் தோல் வழியாகவும் நிக்கோட்டின் ஏறும். ஆகவே சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பிடக் கூடாது, தூளை மூடிய டப்பாவில் படுக்கும் அறைக்கு வெளியே வைக்க வேண்டும், காற்று வரும் இடத்தில் உட்கார வேண்டும் என்பவை நல்லவை. கூடியவரை தட்டை நிறுத்திவிடுங்கள் என்று சொல்லும்போதுதான் இடிக்கிறது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி எண்ணும் வீட்டில் பேறுகாலம் முழுவதும் அந்த வரும்படியை யார் தருவது? டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில், ஊட்டச்சத்துப் பெட்டகங்களின் மதிப்பையும் சேர்த்துத் தவணைகளாகக் கிடைக்கும் 18,000 ரூபாயைச் செவிலியர் நினைவூட்டினார். அது உதவும், வீட்டுச் செலவை ஈடுகட்டாது. இதைக் குறையாகச் சொல்வதா, ஒரு சிறிய சுகாதார நிலையத்தால் ஆகாத காரியம் என்று விடுவதா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

நேரமும் போதவில்லை. வரிசையின் கடைசியில் வந்தவர்களுக்குப் பேச்சே கிடைக்காமல் மாத்திரை மட்டும் கிடைத்ததைப் பார்த்தேன். பிரிட்டனில் கர்ப்பிணியின் முதல் வருகையிலேயே ஒரு சிறு கருவியில் ஊதச் சொல்லி மூச்சிலுள்ள கார்பன் மோனாக்சைடை அளந்து சொல்லும் வழக்கம் இருக்கிறது. அப்படி ஒரு கருவி இங்கும் இருந்தால், திண்ணைப் புகை உள்ளே வருகிறதா இல்லையா என்று கணவனும் மனைவியும் வாதாட வேண்டியிருக்காது.

போகிறவர்களுக்கு இரண்டு யோசனைகள்: காலையிலேயே போய்விடுங்கள், கணவரையோ மாமியாரையோ அறைக்குள் அழைத்துக்கொள்ளுங்கள். பிரசவத்துக்குப் பிறகு இந்தப் பேச்சைச் சுகாதார நிலையத்திலிருந்து யாரும் தொடர்வார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். குழந்தையைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எடை, தொப்புள், தாய்ப்பால் எல்லாம் விசாரித்தார்கள். வீட்டில் யாராவது மறுபடி பீடியைத் தொட்டார்களா என்று மட்டும் கேட்கவில்லை. புகையுள்ள வீட்டில் வளரும் கைக்குழந்தைக்குத் தூக்கத்திலேயே திடீரென இறந்துபோகும் ஆபத்தும், நெஞ்சுச் சளியும் காது நோயும் வரும் வாய்ப்பும் கூடுதல் என்பதால், அந்தக் கேள்வியைத் தம்பியிடம் இப்போது நான்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.