குழந்தைகளுக்கான ஷாம்பு தொப்பி: கண்ணைக் காக்கும், பயத்தைப் போக்காது

தலையில் தண்ணீர் பட்டாலே வீடு அதிரக் கத்தும் குழந்தைகள் இருக்கிறார்களே, அவர்களுடைய பெற்றோரைக் குறிவைத்து விற்கும் பொருள்தான் இது. நடுவில் ஓட்டை, சுற்றிலும் அகலமான விளிம்பு, அவ்வளவுதான் தொப்பி. முடி ஓட்டை வழியாக மேலே நிற்கும், ஊற்றுகிற தண்ணீர் விளிம்பில் வழிந்து பக்கவாட்டில் போய்விடும், கண்ணிலும் காதிலும் இறங்காது. இறங்காது என்று அட்டையில் போட்டிருக்கிறார்கள் என்பதே சரி.

இரண்டு வகையையும் வாங்கிப் பார்த்தோம். மெல்லிய ஃபோம் தொப்பிக்குப் பின்பக்கம் வரிசையாகப் பட்டன்கள். ஒன்றில் மாட்டினால் இறுக்குகிறது, அடுத்ததில் மாட்டினால் நெற்றியோரம் இடைவெளி விட்டு அது வழியே தண்ணீர் கசிகிறது. சிலிக்கான் தொப்பி எவ்வளவோ மேல், தலையோடு படிந்து உட்காருகிறது, காதை மூட மடல்களும் உண்டு. ஆனால் கழற்றும்போது முடியைப் பிடித்து இழுக்கிறது, நெற்றியில் சிவப்பாக ஒரு கோடு கொஞ்ச நேரம் இருக்கிறது.

ஒரு விஷயத்தைத் தயாரித்தவர்கள் யோசிக்கவே இல்லை என்று நினைக்கிறேன். பயந்த குழந்தை, தலைக்கு மேல் என்ன வருகிறது என்று நிமிர்ந்து பார்க்கும், எங்கள் மகள் ஒவ்வொரு முறையும் பார்ப்பாள். நிமிர்ந்ததும் விளிம்பு பின்பக்கம் சாய்ந்து, அதில் தேங்கிய தண்ணீர் நெற்றியை நோக்கி ஓடி, எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே மூக்கில் இறங்கும். அதனால் அவள் கண்மட்டத்துக்குச் சுவரில் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும் பொம்மைகளை ஒட்டி வைத்து, அதைக் காட்டிப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஊற்றினோம், நேராகப் பார்க்கிற வரைக்கும் தொப்பி ஒழுங்காக வேலை செய்தது.

வாங்கியதும் நேரே குளியலறையில் கொண்டுபோய் மாட்டாதீர்கள். முதலில் கூடத்தில் விளையாட்டுப் பொருளாகக் கிடக்கட்டும், பொம்மைக்கு மாட்டட்டும், உங்களுக்கு மாட்டிச் சிரிக்கட்டும்.

அப்புறம் முக்கியமான கேள்வி, உங்கள் குழந்தைக்கு எதைக் கண்டு பயம்? ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள், அதுவரை ஜாலியாகக் குளித்த குழந்தையே திடீரென்று தொட்டியைக் கண்டால் ஓடுவது சகஜம்தான். ஒருமுறை சோப்பு கண்ணில் பட்டிருக்கலாம், கால் வழுக்கியிருக்கலாம், தண்ணீர் சூடாக இருந்திருக்கலாம். தண்ணீர் வடியும்போது கேட்கிற அந்தக் களகள சத்தம் இன்னொன்று: தன் உடம்பு எவ்வளவு பெரிது, அந்த ஓட்டை எவ்வளவு சிறிது என்கிற கணக்கு அந்த வயதில் கிடையாது, தண்ணீரோடு தானும் போய்விடுவோம் என்றே சில குழந்தைகள் நம்புகிறார்கள். இதற்கெல்லாம் தொப்பி என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. வழுக்கும் பயத்துக்கு ரப்பர் விரிப்பு போடுங்கள், சூட்டுப் பயத்துக்கு 37, 38 டிகிரி செல்சியஸ் அளவில் வெதுவெதுப்பாக வைத்து முழங்கையால் தொட்டுப் பாருங்கள். சத்தத்துக்குப் பயந்தால், குழந்தையைத் துவட்டி வெளியே கொண்டுபோன பிறகுதான் அடைப்பானை எடுக்க வேண்டும். எங்கள் மகள் இப்போது கதவருகே நின்றுகொண்டு, நான்தான் எடுப்பேன் என்கிறாள். ரொம்ப அடம்பிடிக்கிற நாட்களில் ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும், தினமும் தலைக்கு ஊற்றியே ஆக வேண்டும் என்றில்லை.

தொப்பியை விட எனக்குப் பிடித்தது, இதே வேலைக்கு விற்கிற மென்விளிம்புக் குவளை. ஒரு பக்கம் வளையும் ரப்பர் இருக்கும், அதை நெற்றியில் அழுத்தி ஊற்றினால் தண்ணீர் பின்னால் மட்டும் போகும். தலையில் எதையும் மாட்ட வேண்டாம் என்பதே பெரிய நிம்மதி, அவளே பொம்மைக்கு ஊற்றி விளையாடவும் செய்கிறாள். கண்ணெரியாது என்று போட்ட ஷாம்புவையும் நம்பி அலட்சியமாக ஊற்றாதீர்கள், அது எரிச்சல் குறைந்தது, அவ்வளவுதான்.

ஆசை காட்ட வாங்கும் குளியல் பொம்மைகளில், தண்ணீர் பீய்ச்சும் ஓட்டை அடியில் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். சுவிட்சர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், பயன்படுத்திய குளியல் பொம்மைகளை வெட்டிப் பார்த்தபோது உள்ளே பாக்டீரியாவும் பூஞ்சையும் படலமாகப் படிந்திருந்தன.

தொப்பி, குவளை எது இருந்தாலும் கைக்கெட்டும் தூரத்தை விட்டு நகரவே கூடாது, சில சென்டிமீட்டர் தண்ணீரே குழந்தை மூழ்கப் போதும்.

சிலிக்கான் தொப்பிக்கு ஐந்துக்கு மூன்று, ஃபோமுக்கு ஒன்று, குவளைக்கு நாலரை. தொப்பிதான் வேண்டும் என்றால் குழந்தையின் தலைச் சுற்றளவை டேப் வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள், வயதைப் பார்த்து வாங்கினால் பெரும்பாலும் அளவு பொருந்தாது.