கேஇஎஃப் க்யூ150: நான்கு வருடம் கேட்ட பிறகு

கடையில் முதலில் கேட்டபோது, கேஇஎஃப் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் இந்த ஸ்பீக்கர் எனக்குப் பிடிக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஜோடி அதே பாட்டைப் பளிச்சென்று, அதிரடியாகக் கொடுத்தது. ஆனால் வீட்டில் அதற்கு முன் வைத்திருந்ததும் அந்த ரகம்தான். அரை மணி நேரத்தில் காது களைத்துப்போய் அணைத்துவிடுவேன். அந்த நினைப்பு வந்ததால், இரண்டின் சத்தத்தையும் ஒரே அளவுக்கு வைக்கச் சொன்னேன். துளி சத்தம் கூடினாலே நம் காது அதை நல்ல ஒலி என்று எடுத்துக்கொள்ளும். சமமாக வைத்ததும் அந்தப் பளபளப்பில் பாதி காணாமல் போனது.

அடுத்து நான் கொண்டுபோயிருந்த கச்சேரிப் பதிவைப் போட்டோம். மிருதங்கத்தைவிட நல்ல உரைகல் கிடையாது. இடப்பக்கமான தொப்பியில் கும்கி என்ற ஆழ்ந்த ஒலி வீங்கினால் பேஸ் அதிகம். வலப்பக்கமான வலந்தலையில் சாப்பு என்ற கணீர் அடி காதைக் குத்தினால் ட்ரெபிள் அதிகம். இதில் இரண்டும் ஒரே வாத்தியத்திலிருந்து வந்தன. அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

இதன் டுவீட்டர், அதாவது உச்ச ஒலிகளைத் தரும் சின்ன பாகம், மற்ற ஒலிகளைத் தரும் 5.25 அங்குலக் கூம்பின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது. யூனி-க்யூ என்று 1988-லிருந்து கேஇஎஃப் செய்துவரும் அமைப்பு. ஒலி முழுதும் ஒரே புள்ளியிலிருந்து கிளம்புவதால், சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாலும் குரலின் தன்மை மாறுவதில்லை. 1980-களில் கனடாவில் ஒலியியல் ஆய்வாளர் ஃப்ளாய்ட் டூல், ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் மறைத்து வைத்துப் பலரைக் கேட்கவைத்தார். பெரும்பாலோர் தேர்ந்தெடுத்தது, நேரே சமமாகவும் பக்கவாட்டில் சீராகவும் ஒலித்தவற்றைத்தான்.

வீட்டில் முதல் மாதம் வேறு கதை. டிவி ஸ்டாண்டின் மேல் சுவரை ஒட்டி வைத்திருந்தேன். பேஸை வெளியே விடும் காற்றுத்துளை பின்பக்கம் இருக்கிறது. சுவரும் சேர்ந்து பேஸை ஏற்றிவிட, தொப்பி கொழகொழவென்று இழுத்தது. ஸ்பீக்கர் மேல் தவறில்லை. தச்சரிடம் சொல்லி, டுவீட்டர் காது உயரத்துக்கு வரும்படி ஸ்டாண்ட் செய்து, சுவரிலிருந்து இரண்டடி முன்னால் நகர்த்தினேன். டைல்ஸ் தரையில் தடித்த ஜமுக்காளம், எதிர்ச்சுவரில் புத்தக அலமாரி. கைதட்டினால் திரும்பி வந்த எதிரொலி அடங்கியது.

அன்று மாலை அப்பா, வருடக்கணக்காகக் கேட்டுவரும் ஒரு பதிவைப் போடச் சொன்னார். ஆலாபனையின் நடுவே பாடகி மூச்சு வாங்கும் இடத்தில் சட்டென்று கையை உயர்த்தினார். "ஏம்ப்பா, இதுல தம்புரா இருக்குதே!" அது எப்போதும் இருந்ததுதான்.

குறைகளும் உண்டு. 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அதாவது மிக ஆழ்ந்த பேஸில், அவ்வளவாக எதிர்பார்க்க வேண்டாம். அடிவயிறு அதிரும் பேஸ் வேண்டுமென்றால் சப்வூஃபர் என்ற தனி பேஸ் ஸ்பீக்கரைச் சேர்த்தே ஆக வேண்டும். கொடுக்கும் சக்திக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பதைச் சொல்லும் சென்சிடிவிட்டி 86 டெசிபல்தான், சின்ன ஆம்ப்ளிஃபையர் திணறும். முன்வலையைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். நான் வாங்கவில்லை. அதனால் வாரம் ஒருமுறை, மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் கூம்பின் தூசியைத் தட்டுகிறேன், நடுவில் இருக்கும் அலுமினிய டுவீட்டரைத் தொடாமல்.