நேர் கைடா, வளைந்த கைடா?

நியூட்ரான் கைடு என்றால், மூலத்திலிருந்து வரும் நியூட்ரான்களை உள்சுவரில் பிரதிபலித்துக் கருவி வரை கொண்டுபோகும் குழாய். மெக்ஸ்டாஸ் என்ற நியூட்ரான் கருவி உருவகப்படுத்தல் நிரலில் இரண்டு வகையையும் ஓட்டிப் பார்த்தால் முதலில் ஜெயிப்பது நேர் கைடுதான். கடைசியில் வந்து சேரும் நியூட்ரான் அதிகம், கற்றையும் சமச்சீராக இருக்கும். ஆனால் அந்த எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. மூலத்திலிருந்து நேராகப் பாயும் வேக நியூட்ரானும் காமாவும் அந்தக் கணக்கில் வருவதே இல்லை; அதற்கு எம்சிஎன்பி போன்ற கதிர்வீச்சுக் கடத்தல் நிரல் வேண்டும்.

வளைந்த கைடு அந்த நேர்ப்பார்வையை அறுத்துவிடுகிறது. 3 செ.மீ. அகலம், 1500 மீட்டர் ஆரம் என்றால் சுமார் 19 மீட்டரில் மூலம் மறைந்துவிடும். அதற்கு விலையும் உண்டு: எம்=2 பூச்சில் (நிக்கலைவிட இரு மடங்கு கோணம் வரை பிரதிபலிப்பது) ஏறத்தாழ 1.8 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்துக்குக் கீழே கடத்தல் சரியத் தொடங்கும். அதைவிடத் தொல்லை, குறுகிய அலைநீளங்கள் வெளிச்சுவரை ஒட்டியே ஓடுவதால் கற்றை ஒரு பக்கம் கனத்துவிடும். வளைவுக்கு அப்புறம் ஒரு நேர்த்துண்டு சேர்த்தால் ஓரளவு சீராகும்.

கோலிமேட்டர் (கற்றை விரிவதைக் கட்டுப்படுத்தும் இணைத் தகடுகள்) கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான்: தகடுகளுக்கு இடையே 1 மி.மீ., நீளம் 30 செ.மீ. என்றால் விரிகோணம் 0.19 பாகை.

குளிர் நியூட்ரான் (மெதுவான, நீண்ட அலைநீளமுள்ளது) வேலைக்கு நான் வளைவையே எடுப்பேன். அதைவிடக் குறுகிய அலைநீளமுள்ள வெப்ப நியூட்ரான், அதுவும் கைடு குட்டையானது என்றால் சரி, நேர் கைடு. கூடவே தடிமனான கவசம்.