கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கத்து லேப்டாப் கடை: ஃபைல் போகாமல் விண்டோஸ் போடுகிறார்கள்

மாடியில் இருக்கும் சின்னக் கடை. விண்டோஸ் மறுபடி போட 500 ரூபாய், பேக்கப்புக்குத் தனியாக 300. காசுக்குத் தகுந்த வேலை.

மெஷின் ஆன் ஆகிறதென்றால் பென்டிரைவில் பூட் செய்வதே இல்லை. விண்டோஸுக்குள்ளேயே ஐஎஸ்ஓவை (விண்டோஸ் போடும் ஃபைல்) திறந்து செட்டப்பை ஓட்டி, ஃபைல், ஆப் இரண்டும் இருக்கட்டும் என்று தேர்வு செய்கிறார்கள். டேலி, பிரிண்டர் டிரைவர் அப்படியே நிற்கும். ஐஎஸ்ஓவின் மொழியும் எடிஷனும் (ஹோம், ப்ரோ மாதிரி) மெஷினில் இருப்பதோடு ஒத்துப்போகாவிட்டால் அந்த ஆப்ஷன் மங்கித் தெரியும், அழுத்த முடியாது. சி டிரைவில் 20 ஜிபியாவது காலி வேண்டும். 'ரீசெட்' செய்தால் ஃபைல் தங்கும், போட்ட ஆப் எல்லாம் போய்விடும். இதைப் பல கடைகளில் வாயே திறப்பதில்லை.

ஆன் ஆகவில்லையா, டிஸ்கைக் கழற்றி யூஎஸ்பி கேஸில் மாட்டி முதலில் காப்பி. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸோடு நிற்காமல் ஆப்டேட்டா (ஆப்கள் தங்கள் செட்டிங் வைக்கும் ஃபோல்டர்), டேலி டேட்டா ஃபோல்டர் வரை எடுக்கிறார்கள். மாங்கூழ் சீசன் கணக்கு வைத்திருப்பவர்கள் அங்கேயே திறந்து பார்த்து வாங்குங்கள். ஃபார்மட் அடிக்காமல் போட்டால் பழையது 'விண்டோஸ் ஓல்டு' ஃபோல்டருக்குப் போகும். அதை நம்பி விட்டுவைக்காதீர்கள், 10 நாளில் விண்டோஸே அழித்துவிடும்.

ஒரே குறை, டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் பற்றி முன்கூட்டியே சொல்வதில்லை. அது ஆனில் இருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ இல்லாமல் கழற்றிய டிஸ்க் திறக்காது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் பார்த்து எழுதிக்கொண்டு போங்கள். சனிக்கிழமை சாயங்காலம் வேண்டாம், கூட்டம்.