பிஎம்பியா, பிரின்ஸ்2-ஆ: ஒரே நிலைமைக்கு இரண்டு விடைகள்

பிஎம்பி (PMP), பிரின்ஸ்2 (PRINCE2) இரண்டும் புராஜெக்ட் மேனேஜர்களுக்கான சான்றிதழ்கள். பிஎம்பியை பிஎம்ஐ (PMI) என்ற அமைப்பு தருகிறது. பிரின்ஸ்2 ஒரு புராஜெக்ட் மேலாண்மை முறை, அதற்கு ஃபவுண்டேஷன், பிராக்டிஷனர் என்று இரண்டு படித் தேர்வுகள். ஒரு புராஜெக்டில் இப்போது நடக்கும் கட்டத்துக்கு 1,00,000 ஒதுக்கியிருக்கிறார்கள். 10% வரை கூடினால் பரவாயில்லை என்று அனுமதியும் உண்டு. பாதி வேலை முடிந்த நிலையில், இந்தக் கட்டத்துக்கு 1,12,000 ஆகும் என்று கணிப்பு சொல்கிறது. புராஜெக்ட் மேனேஜர் அடுத்து என்ன செய்ய வேண்டும்?

பிரின்ஸ்2 தேர்வில் இதற்கு விடை சட்டம்போல் தெளிவானது. அனுமதித்த எல்லை 1,10,000. கணிப்பு அதைத் தாண்டியதுமே முடிவு மேனேஜரின் கையை விட்டுப் போய்விடுகிறது. அவர் எக்ஸெப்ஷன் ரிப்போர்ட் (எல்லை மீறும் என்று தெரிவிக்கும் அறிக்கை) எழுதி, புராஜெக்டை மேற்பார்க்கும் புராஜெக்ட் போர்டிடம் தர வேண்டும். காரணம், விளைவு, மாற்று வழிகள், தன் பரிந்துரை நான்கும் அதில் இருக்க வேண்டும். கணிப்பு 1,07,000 ஆக இருந்தால் அவரே சரிசெய்து கொள்ளலாம். அப்போது அதே எக்ஸெப்ஷன் ரிப்போர்ட் தவறான விடையாகிவிடும்.

பிஎம்பி தேர்வில் இதே நிலைமை வந்தால் விடைகள் வேறு மாதிரி நிற்கும்: நிதி தரும் ஸ்பான்சருக்குத் தெரிவிப்பது, கூடுதல் நிதி கேட்பது, வேலையின் அளவைக் குறைப்பது, குழுவுடன் உட்கார்ந்து காரணத்தையும் பாதிப்பையும் ஆராய்வது. ஆராய்ச்சி நடந்துவிட்டதாகக் கேள்வியில் சொல்லாதவரை கடைசி விடைதான் சரி. பிரின்ஸ்2 படித்துவிட்டு வருபவர் நேராக ஸ்பான்சரிடம் ஓடுவார். பிஎம்பி படித்துவிட்டுப் போகிறவர் அங்கே போர்டைத் தாண்டித் தானே முடிவெடுப்பார். இரண்டு பேருக்கும் மதிப்பெண் போகும். பிஎம்பி உங்கள் முடிவெடுக்கும் பழக்கத்தைப் பார்க்கிறது, பிரின்ஸ்2 ஒரு முறையை எவ்வளவு துல்லியமாகப் பிடித்திருக்கிறீர்கள் என்று பார்க்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படிப் படிப்பது என்ற இரண்டு கேள்விக்கும் இந்த வேறுபாட்டிலிருந்துதான் விடை தேட வேண்டும்.

வாசலில் யாரை விடுகிறார்கள்

பிரின்ஸ்2 ஃபவுண்டேஷனுக்கு அனுபவமே தேவையில்லை. அதை முடித்தவர் பிராக்டிஷனர் எழுதலாம்.

பிஎம்பிக்கு விண்ணப்பமே ஒரு தேர்வு. பட்டம் பெற்றவர்கள் கடந்த சில ஆண்டுகளுக்குள் 36 மாதம் புராஜெக்டுகளை வழிநடத்தியிருக்க வேண்டும். பள்ளிப்படிப்போ டிப்ளமோவோ மட்டும் என்றால் 60 மாதம். இருவருக்கும் 35 மணி நேரப் பயிற்சி கட்டாயம், பிஎம்ஐயின் தொடக்கநிலைச் சான்றிதழான கேப்எம் (CAPM) இருந்தால் மட்டும் அந்த 35 மணி நேரம் தேவையில்லை. இங்கே தடுக்கி விழுபவர்கள் பெரும்பாலும் மூன்று இடத்தில் விழுகிறார்கள். ஒரே சமயத்தில் நடந்த இரண்டு புராஜெக்டுகளின் மாதங்களைக் கூட்டுகிறார்கள். ஒரு மாதம் ஒரு முறைதான் கணக்கில் சேரும். தினசரிப் பராமரிப்பு வேலையைப் புராஜெக்டாகக் காட்டுகிறார்கள். தொடக்கமும் முடிவும் இல்லாத வேலை புராஜெக்ட் ஆகாது. "குழு செய்தது" என்றே எழுதுகிறார்கள். விண்ணப்பத்தைப் பார்ப்பவருக்கு வேண்டியது நீங்கள் எதை முடிவு செய்தீர்கள், எதை வழிநடத்தினீர்கள் என்பது. ஒவ்வொரு புராஜெக்டுக்கும் நோக்கம், உங்கள் பொறுப்பு, கிடைத்த பலன் மூன்றும் இருக்கட்டும்.

சில விண்ணப்பங்களைத் தணிக்கைக்கு எடுப்பார்கள். சான்றுகளை அனுப்ப 90 நாள் கிடைக்கும். அப்போது பழைய மேலதிகாரியைத் தேடுவதைவிட, யார் யார் கையெழுத்துப் போடுவார்கள் என்று விண்ணப்பிக்கும் முன்பே பேசி வைப்பது நல்லது. ஒப்புதல் வந்த நாளிலிருந்து ஓராண்டு அவகாசம், அதற்குள் மூன்று முறை எழுதலாம்.

36 மாதம் சேராதவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. கேப்எம் தேர்வுக்கு 23 மணி நேரப் பயிற்சி போதும்: 150 கேள்வி, 3 மணி நேரம். அதில் வணிகப் பகுப்பாய்வுக்கு 27% இடம் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. அந்தப் பகுதியை ஒதுக்கிவிட்டுப் போனால் கால்வாசிக்கும் மேல் கைவிட்டுப் போகும்.

தாளும் கடிகாரமும்

2021 ஜனவரியில் வந்த பிஎம்பி வடிவம் இது: 180 கேள்விகள், 230 நிமிடம், 60-வது கேள்விக்குப் பிறகும் 120-வது கேள்விக்குப் பிறகும் பத்துப் பத்து நிமிட இடைவேளை. மனிதர்கள் பகுதிக்கு 42%, செயல்முறைக்கு 50%, வணிகச் சூழலுக்கு 8%. கேள்விகளில் சுமார் பாதி அஜைல் (சிறு சுற்றுகளாக வேலை செய்து அவ்வப்போது திருத்திக்கொள்ளும் முறை), அதையும் திட்டமிட்ட முறையையும் சேர்த்த கலப்பு முறை சார்ந்தவை. இந்தப் பகுப்பை பிஎம்ஐ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றும். ஆகவே படிப்பைத் திட்டமிடும் முன், உங்கள் தேர்வு நாளுக்குப் பொருந்தும் பாடப்பகுப்பு ஆவணத்தை பிஎம்ஐ தளத்திலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய சதவீதத்தை நம்பிப் படிப்பது வீண் உழைப்பு.

இந்த வடிவத்தின் 230 நிமிடத்தைப் பகிர்ந்தால் ஒரு கேள்விக்கு 76 நொடிக்குச் சற்று மேல். முதல் 60 முடியும்போது திரையில் சுமார் 153 நிமிடமும், 120 முடியும்போது 76 நிமிடமும் மீதி இருக்க வேண்டும். இந்த இரண்டு எண்ணையும் மனதில் வைத்தாலே போதும், ஒவ்வொரு கேள்விக்கும் கடிகாரம் பார்க்க வேண்டாம். இடைவேளைக்குப் போனபின் முந்தைய 60 கேள்விக்குத் திரும்ப முடியாது. குறித்து வைத்த கேள்விகளை அதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

பிரின்ஸ்2-இன் 2023-இல் வந்த ஏழாம் பதிப்பில், ஃபவுண்டேஷன் 60 கேள்வி, 60 நிமிடம், புத்தகம் பார்க்கக் கூடாது, தேர்ச்சிக்கு 36. பிராக்டிஷனர் 70 மதிப்பெண், 150 நிமிடம், தேர்ச்சிக்கு 42. அதிகாரபூர்வக் கையேட்டைப் பார்த்து எழுதலாம். தேர்வு மொழி தாய்மொழியாக இல்லாதவர்களுக்கு 25% கூடுதல் நேரம் உண்டு. அதைக் கேட்டுப் பெறாமல் விடாதீர்கள்.

பிஎம்பியில் தேர்ச்சி மதிப்பெண் என்று எதையும் அறிவிப்பதில்லை. ஒவ்வொரு பகுதியிலும் நீங்கள் இலக்குக்கு மேலா, இலக்கிலா, கீழா, இன்னும் முன்னேற வேண்டுமா என்று மட்டும் தெரியும். "இத்தனை சதவீதம் எடுத்தால் பாஸ்" என்று யார் சொன்னாலும் அது ஊகம்தான்.

படிக்கும் முறை எங்கே பிரிகிறது

பிரின்ஸ்2-ஐ அட்டவணை போட்டுப் படிக்க வேண்டும். 7 கோட்பாடுகள், 7 நடைமுறைகள், 7 செயல்முறைகள். ஒரு பெரிய தாளில் செயல்முறைகளை மேலே குறுக்காகவும், பொறுப்பாளர்களைப் பக்கவாட்டிலும் எழுதி, யார் எந்த ஆவணத்தை உருவாக்குகிறார், யார் ஒப்புதல் தருகிறார் என்று கட்டங்களை நிரப்புங்கள். போர்டில் இறுதிப் பொறுப்புள்ள எக்ஸிக்யூட்டிவ் ஒருவர்தான் இருக்கலாம், அவரே புராஜெக்ட் மேனேஜராக இருக்க முடியாது, பலன்களுக்குப் பொறுப்பேற்பவர் பயனர்களின் பிரதிநிதியான சீனியர் யூசர் என்பது போன்ற விதிகளில்தான் ஃபவுண்டேஷன் கேள்விகள் நிறைய வரும். கையில் கிடைக்கும் இலவசக் குறிப்புகள் பழைய பதிப்புக்கு உரியவையாக இருக்கலாம். "நடைமுறைகள்" என்று இல்லாமல் "தீம்" என்று இருந்தால், அல்லது "சிக்கல்கள்" இருக்க வேண்டிய இடத்தில் "மாற்றம்" என்று ஒரு தலைப்பு இருந்தால், அது ஏழாம் பதிப்பு ஆகாது.

பிராக்டிஷனரில் புத்தகம் பார்க்கலாம் என்பதுதான் பெரிய பொறி. ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு நிமிடம் பக்கம் புரட்டினால் அதிலேயே 140 நிமிடம் தீர்ந்துவிடும், யோசிக்க மிஞ்சுவது பத்து நிமிடம். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தவருக்குத்தான் கையேடு உதவும். நடைமுறைகளின் தொடக்கப் பக்கங்களுக்கும், ஆவணங்களின் உள்ளடக்கத்தைச் சொல்லும் பின்னிணைப்புக்கும், பொறுப்புகளைச் சொல்லும் பக்கங்களுக்கும் நிறத்தாள் ஒட்டினால் போதும். நாற்பது ஒட்டினால் எதுவும் கண்ணில் படாது. "ஆம், ஏனென்றால்", "இல்லை, ஏனென்றால்" என்று வரும் விடைகளில் காரணத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும். ஆம், இல்லை சரியாக இருந்தும் காரணம் தவறாக இருக்கும் விடையே அதிகம் பேரை விழுத்தாட்டுகிறது.

பிஎம்பிக்கு மனப்பாடம் மிகக் கொஞ்சமே உதவும். பிஎம்ஐயின் கையேடான பிஎம்பாக் (PMBOK) ஆறாம் பதிப்பின் 49 செயல்முறைகளையும் உள்ளீடு, வெளியீட்டோடு ஒப்பிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த உழைப்புக்கு இப்போதைய தாளில் பலன் குறைவு. நேரத்தைக் கேள்விகளில் போடுங்கள். தவறான ஒவ்வொரு விடைக்கும் காரணத்தை நோட்டில் குறியுங்கள்: கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லையா, யார் பொறுப்பு என்பதில் குழப்பமா, அஜைலா திட்டமிட்ட முறையா என்று அடையாளம் காணவில்லையா, சொல்லே தெரியாதா. நூறு கேள்வி முடிந்ததும் எந்தக் காரணம் அதிகம் என்று எண்ணிப் பாருங்கள். பலருக்கு மூன்றாவதுதான் அதிகமாக வரும். பேக்லாக் (செய்ய வேண்டியவற்றின் பட்டியல்), இட்டரேஷன் (ஒரு வேலைச் சுற்று), புராடக்ட் ஓனர் (எது முதலில் என்று முடிவு செய்பவர்) என்று அஜைல் சொற்கள் வந்தால் முடிவு குழுவின் கையில், நீங்கள் தடையை அகற்றுபவர். பேஸ்லைன் (ஒப்புதல் பெற்ற மூலத் திட்டம்), மாற்றக் கட்டுப்பாட்டுக் குழு என்று வந்தால் பாதிப்பை ஆராய்ந்து முறையான மாற்றக் கோரிக்கை. இரண்டு சூழலிலும் குழு உறுப்பினரின் மேலதிகாரியிடம் புகார் செய்வது, ஆளை மாற்றுவது, எதுவும் செய்யாமல் பார்த்திருப்பது ஆகிய மூன்றும் முதல் அடியாக இருப்பது அரிது.

கணக்கு கொஞ்சம்தான், ஆனால் அதன் பொருள் கேட்பார்கள். மொத்த நிதி 200, ஈட்டிய மதிப்பு (முடிந்த வேலைக்குத் திட்டத்தில் ஒதுக்கிய தொகை) 80, ஆன செலவு 100 என்றால் செலவுத் திறன் (ஈட்டிய மதிப்பைச் செலவால் வகுத்தது) 0.8, இதே போக்கில் போனால் முடிவுச் செலவு 250. மீதி 120 மதிப்புள்ள வேலையை மீதி 100-க்குள் முடிக்க 1.2 திறன் வேண்டும். இதுவரை 0.8-இல் ஓடிய குழு 1.2-இல் ஓடும் என்று நம்பலாமா என்பதுதான் கேள்வியின் உயிர்.

குறைந்தது மூன்று முழுநீள மாதிரித் தேர்வுகள் எழுதுங்கள், ஒரே அமர்வில், நிஜ இடைவேளைகளோடு. 130-வது கேள்விக்குப் பிறகு வரும் களைப்பை முன்பே பழகாதவர் அங்கேதான் கவனம் இழக்கிறார். ஒரே கேள்வித் தொகுப்பை மறுபடி எழுதி வரும் உயர்ந்த மதிப்பெண்ணை நம்ப வேண்டாம், அது நினைவாற்றலின் மதிப்பெண்.

வீட்டில் எழுதுவதா, மையத்தில் எழுதுவதா

ஃபவுண்டேஷன் ஒரு மணி நேரம்தான், வீட்டிலேயே எழுதிவிடலாம். பிஎம்பிக்கு மையமே மேல். வீட்டில் எழுதினால் மேசை காலியாக இருக்க வேண்டும், வாய்விட்டுக் கேள்வியைப் படித்தால் எச்சரிக்கை வரும், இணையம் அறுந்தால் பதற்றம் கூடும், தாள் கூடாது, திரைப் பலகையில்தான் எழுத வேண்டும். உதடசைத்துப் படிக்கும் பழக்கம் உள்ளவர் இதை யோசிக்காமல் வீட்டைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

எதை எடுப்பது

வேலையில் நீங்கள் பார்க்கும் ஆவணங்களில் புராஜெக்ட் போர்டு, ஸ்டேஜ் (கட்டம்), டாலரன்ஸ் (அனுமதித்த எல்லை) என்ற சொற்கள் புழங்கினால் பிரின்ஸ்2 எடுங்கள். வாரம் பத்து மணி நேரம் ஒதுக்கினால் இரண்டு படிகளையும் ஏழெட்டு வாரத்தில் முடிக்கலாம். பல வாடிக்கையாளர்களோடு, பல முறைகளில் வேலை செய்பவருக்கு பிஎம்பி. அதற்குப் பன்னிரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் நிரந்தரம் இல்லை. பிஎம்பியைக் காக்க 3 ஆண்டுக்குள் 60 பிடியு (PDU, தொடர்கல்வி அலகு) சேர்க்க வேண்டும், பிரின்ஸ்2 சான்றிதழும் 3 ஆண்டுக்குத்தான்.

இரண்டும் வேண்டும் என்றால் இடையில் ஒரு மாதமாவது விடுங்கள். பிஎம்பி வைத்திருப்பவர் ஃபவுண்டேஷன் எழுதாமலே பிராக்டிஷனருக்குப் போக வழி இருக்கிறது. அந்தக் குறுக்கு வழியை எடுத்தாலும் ஃபவுண்டேஷன் பாடத்தையும் அதன் இரண்டு மாதிரித் தாள்களையும் விடக் கூடாது. கையேட்டில் தேட வேண்டிய சொற்கள் அங்கேதான் பழகும்.