பூட்டியின் பெயரைத் தேடி ஆறு பருவங்கள்

2017 புரட்டாசியில் ஒரு போயா (பௌர்ணமி விடுமுறை) நாள் மாலை, என்னுடைய பிறப்புச் சான்றிதழையும் அம்மாவுடையதையும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக்கொண்டு, திருகோணமலை நகரத்தில் இயங்கும் ஒரு சிறு வரலாற்று வட்டத்தின் கூட்டத்துக்கு முதன்முதலாகப் போனேன். என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அம்மம்மாவைப் பெற்றவருக்கு என்ன பெயர்? அம்மாவுக்கு அவர் வெறும் ஆச்சி. அம்மாவின் மூன்று வயதிலேயே ஆச்சி போய்விட்டார். கைநாட்டு வைக்கிற மனுசி, வெற்றிலைப் பெட்டியை இடுப்பை விட்டு இறக்கமாட்டார் என்ற இரண்டு செய்திகளே எங்கள் வீட்டில் மிஞ்சியிருந்தன.

கொவிட் காலத்து இரண்டு ஆண்டுகளைக் கழித்தால் 2024 வரை ஆறு பருவங்கள் போயிருக்கிறேன். புதிதாகச் சேர நினைப்பவர்கள் என்னிடம் அடிக்கடி விசாரிப்பதால், கண்டதை எழுதிவைக்கிறேன்.

செப்டெம்பர் முதல் நவம்பர் வரைதான் வட்டத்தின் காலம். வெளிநாட்டில் இதை இலையுதிர்காலம் என்கிறார்கள். ரொறன்ரோவிலிருக்கும் என் அக்காவின் மகள், அங்கும் இந்த மாதங்களில்தான் நூலகங்களில் குடும்ப வரலாற்று வகுப்புகள் நடக்கின்றன என்று சொன்னாள். அமெரிக்காவில் ஒக்டோபரைக் குடும்ப வரலாற்று மாதம் என்றே அழைக்கிறார்கள். எங்களுக்கு இலை உதிர்வதில்லை. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று ஓய்ந்து, வடகிழக்கு வாடை தொடங்குவதற்கு இடைப்பட்ட காலம் இது. ஓகஸ்டில் விடுமுறைக்கு வந்த உறவினர்கள் ஆயிரம் கேள்வி கேட்டுவிட்டு விமானம் ஏறியிருப்பார்கள். அவற்றுக்கு விடை தேட இதைவிடத் தோதான நேரம் இல்லை.

முதல் மாதம் நடைப் பயணங்கள். பிரெட்ரிக் கோட்டை வாசலில் இரட்டை மீன் சின்னமும் பழைய பாடலும் பொறித்த கல்லின் முன் நிற்பார்கள். 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்ததையும், 1624இல் அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பியதையும் சொல்வார்கள். பிறகு பழைய பிரித்தானியக் கல்லறைக்குப் போய், நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பியான கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்ரின் 1852இல் பர்மாவில் இறந்து இங்கே அடக்கமானதைச் சொல்வார்கள். முதல் முறை எனக்கு உடல் சிலிர்த்தது. மூன்றாம் ஆண்டிலும் அதே கல்லின் முன் அதே வாக்கியங்களைக் கேட்டபோது அலுத்துவிட்டது. நடைக்கு ஒருமுறை போனால் போதும். பெரியகுளத்துக்குப் போகும் நாளை மட்டும் தவறவிடாதீர்கள். அங்குள்ள வெல்கம் விகாரையின் தமிழ்ச் சாசனங்கள் அந்தப் பௌத்தப் பள்ளியை இராஜராஜப் பெரும்பள்ளி என்கின்றன. சோழர் காலத்துத் தமிழ் எழுத்தை ஒரு விகாரை வளவில் நின்று வாசித்தது எனக்குள் பல முடிவுகளை அசைத்துப்போட்டது.

இந்த வட்டத்தின் உயிர் இரண்டாம் மாதத்தில் கடதாசிகளை வாசிக்கும் மாலைக் கூட்டங்களில் இருக்கிறது. தனியார் கல்வி நிலையமொன்றின் வகுப்பறையில் வாங்குகளை ஒட்டிப்போட்டு, அவரவர் கொண்டுவந்ததை விரித்துவைத்து ஒன்றாக வாசிப்போம். கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வருவார்கள். பாலையூற்றிலிருந்து வரும், ஐரோப்பிய வழிவந்த பறங்கிக் குடும்பத்து அம்மா ஒருவர் தேவாலயத் திருமுழுக்குப் பதிவின் பிரதிகளைக் கொண்டுவருவார். தம்பலகாமத்து வாத்தியார் ஒருவர், கோணேசர் கல்வெட்டு என்ற பழைய நூல் சொல்லும் தானத்தார், வரிப்பத்தார் ஆகிய கோயில் ஊழியரின் தொழும்பு முறைகளைத் தம் குடும்பத்தோடு பொருத்திக் காட்டுவார். நூல் சொல்வதையும் வீட்டில் சொல்வதையும் அவர் கலந்துவிடுவதே இல்லை. அந்த நேர்மையை நான் அவரிடம் கற்றேன்.

மரண அறிவித்தலை வாசிக்கக் கற்றதும் அங்கேதான். வீரகேசரியிலோ தினகரனிலோ வந்த ஒரு பழைய அறிவித்தலை எடுத்துக்கொள்ளுங்கள். காலஞ்சென்ற இன்னார் தம்பதியரின் மகன், இன்னாரின் மருமகன், இன்னாரின் மைத்துனர், இன்னாரின் அன்புத் தந்தை, இன்னாரின் பாசமிகு பேரன் (இங்கே பாட்டன் என்று பொருள்) என்று நான்கு தலைமுறை ஒரே பந்தியில் நிற்கும். இத்தனை ஆண்டுகள் அதைத் துக்கச் செய்தியாக மட்டுமே பார்த்திருக்கிறேன். அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சடிக்கும் ‘கல்வெட்டு’ என்ற நினைவுப் புத்தகம் இன்னும் வளமானது. தேவாரங்களுக்குப் பின்னால் வம்சாவளி வரைந்திருப்பார்கள். தயவுசெய்து அவற்றை அலுமாரி மேல்தட்டில் செல்லரிக்க விடாதீர்கள். இன்னொன்று, பழைய கடதாசிகளை லமினேற் செய்யவே செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. என் அப்பாவின் திருமணச் சான்றிதழை நான் அப்படித்தான் கெடுத்தேன். உறைக்குள் தளர்வாக வைத்து, படம் எடுத்து, பென்சிலால் மட்டும் குறிப்பு எழுதுங்கள்.

எழுத்தை வாசிப்பதும் ஒரு பயிற்சிதான். பழைய உறுதிகளில், அதாவது காணிப் பத்திரங்களில், புள்ளி இல்லாத எழுத்துகள் வரும். ஆண்டும் இலக்கமும் ௲, ௱, ௰ (ஆயிரம், நூறு, பத்து) என்று தமிழ் எண்களில் இருக்கும். ஆங்கிலத்தில் எழுதிய பதிவுகளில் ஒரே மனிதரின் பெயர் மூன்று விதமாக வரும். பேரனுக்குப் பாட்டனின் பெயரை வைக்கும் குடும்பங்களில் தலைமுறைக்குத் தலைமுறை முதலெழுத்தும் பெயரும் இடம் மாறும். அண்ணன் தம்பியா, பாட்டன் பேரனா என்று ஒரு மாலை முழுவதும் வாதாடியிருக்கிறோம்.

என் குறையைச் சொல்லாமல் விடமாட்டேன். முதல் இரண்டு பருவங்களிலும் வட்டம் கொடுத்த வம்சாவளிப் படிவத்தில் தந்தை வழி மட்டுமே இருந்தது. தந்தை, பாட்டன், பூட்டன் என்று மேலே போகும், பெண்கள் பக்கத்தில் ‘மனைவி’ என்ற ஒரு சொல்லாக நிற்பார்கள். அரச பிறப்புச் சான்றிதழும் அப்படித்தான். பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவருடைய பெயர், ஆண்டு, இடம் கேட்கும் கூடு உண்டு. பூட்டனாருக்கும் உண்டு. பாட்டிக்கு இல்லை. பிறப்பு, இறப்புப் பதிவு 1867இல் தொடங்கி 1897இல் கட்டாயமான நாட்டில், ஒரு பெண் தன் மகளின் மகளுக்குள் காணாமல் போவது இத்தனை எளிதா என்று அன்று கூட்டத்தில் எழுந்து கேட்டேன். குரல் நடுங்கியது. மூன்றாம் பருவத்தில் படிவத்தை மாற்றினார்கள். கேட்டால் மாற்றுகிற இடம் என்பதற்காகவே இந்த வட்டத்தை மதிக்கிறேன். மாலை நான்கு மணிக் கூட்டம் ஐந்துக்குத் தொடங்குவதை மட்டும் இன்னும் மாற்றவில்லை. கடைசி பஸ் பிடிக்க வேண்டிய மூதூர்க்காரருக்கு அது பெரிய இழப்பு.

அந்த மூதூர்க்காரரிடம் எந்தக் கடதாசியும் இல்லை. 2006இல் இடம்பெயர்ந்தபோது எல்லாம் போயிற்று என்றார். கிண்ணியாவிலும் நிலாவெளியிலும் 2004 சுனாமியில் ஆவணங்களை இழந்த வீடுகள் ஏராளம். நவம்பரில் மழை இறங்கிய பிறகு நடக்கும் வாய்மொழி மாலைகள் இவர்களுக்கானவை. பாலம் 2009இல் திறப்பதற்கு முன் கிண்ணியாவின் ‘பாதை’ என்ற மிதவைப் படகில் மாப்பிள்ளை வீட்டார் கடந்து வந்த கதையை ஒரு மூதாட்டி சொன்னார். பாதையில் யார் யார் வந்தார்கள் என்று அவர் எண்ணிச் சொன்னதிலிருந்து ஒரு குடும்பத்தின் முழு உறவுமுறையும் எழுதப்பட்டது.

என் விடை உறுதியில் கிடைத்தது. உறுதி எழுதிக்கொடுக்கும் நொத்தாரிசு ஒருவரிடம் நாற்பது ஆண்டுகள் எழுதுவினைஞராக இருந்த முதியவர் ஒருவர் வட்டத்தில் இருந்தார். 2023இல் என் சான்றிதழ்களை ஒதுக்கிவைத்துவிட்டுக் கேட்டார்.

“குடியிருக்கிற காணி யாருடையது, பிள்ளை?”

“அம்மாவுடையது, ஐயா.”

“அம்மாவுக்கு யார் கொடுத்தது?”

“அம்மம்மா. சீதனமாக.”

“அம்மம்மாவுக்கு?”

நான் வாயடைத்துப்போனேன். ஆண்களின் பெயர் சான்றிதழில் ஓடுகிறது, பெண்களின் பெயர் சீதனக் காணியில் ஓடுகிறது என்று விளக்கினார். தாய் மகளுக்கு, மகள் தன் மகளுக்கு எழுதும்போது, காணி தனக்கு எப்படி உரித்தானது என்பதை முந்திய உறுதியின் இலக்கத்தோடும் நொத்தாரிசின் பெயரோடும் சொல்வது வழக்கம். நொத்தாரிசு ஒவ்வோர் உறுதிக்கும் இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவதால், வீட்டில் தொலைந்தது அங்கே இருக்கும்.

அம்மாவின் உறுதியைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். இலக்கமும் திகதியும் இருந்தன. விண்ணப்பித்தேன். 1936இல் அம்மம்மாவின் கலியாணத்துக்கு எழுதிய சீதன உறுதியின் பிரதி 2024 ஐப்பசியில் கைக்கு வந்தது. கொடுப்பவரின் பெயர் முதல் வரியிலேயே முழுதாக இருந்தது. அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை, அது எங்கள் வீட்டுக்குள் இருக்கட்டும்.

கடைசிப் பக்கத்தைத்தான் அம்மாவிடம் முதலில் காட்டினேன். சாட்சிகளின் பெயர்களுக்கு மேலே, பெருவிரல் அடையாளம் இருக்கும் என்று நாங்கள் நினைத்திருந்த இடத்தில், கொஞ்சம் சாய்ந்த, திருத்தமான தமிழ்க் கையெழுத்து இருந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக விரலை வைத்து, ஆச்சியின் பெயரை வாய்விட்டு வாசித்தார்.