நட்சத்திரச் சுழல்தட்டு: வாங்கும் முன் அட்சரேகையைப் பாருங்கள்

பிளானிஸ்பியர் எனப்படும் நட்சத்திரச் சுழல்தட்டு, இரண்டு வட்டத் தகடுகளால் ஆன எளிய கருவி. அடித்தகட்டில் விண்மீன்களும் விளிம்பைச் சுற்றி ஆண்டின் தேதிகளும் அச்சிடப்பட்டிருக்கும். மேல்தகட்டின் விளிம்பில் மணிக்கணக்கும், நடுவில் அடிவானத்தை எல்லையாகக் கொண்ட ஒரு சாளரமும் இருக்கும். தேதிக்கு நேராக மணியை வைத்தால் சாளரத்துக்குள் தெரிவதே அந்நேரத்து வானம். கோவையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இரண்டு ஆண்டுகளாக இதைப் பயன்படுத்தி வருகிறேன்.

கைபேசிச் செயலியை வானத்தை நோக்கிப் பிடித்தால் விண்மீனின் பெயர் உடனே கிடைத்துவிடும். ஆனால் நேற்று இருந்த இடத்தில் அது இன்று ஏன் இல்லை என்பது, தட்டைக் கையால் திருப்பும்போதுதான் எனக்கு விளங்கியது. பூமி தன்னைத்தானே சுற்றுவதால் வானம் மணிக்கு 15 பாகை மேற்கே நகர்கிறது. அதுவே தட்டில் ஒரு மணிக்கான இடைவெளி. ஆனால் விண்மீன்களை வைத்துப் பார்த்தால் பூமியின் ஒரு முழுச் சுழற்சிக்கு 23 மணி 56 நிமிடம் 4 விநாடிதான் ஆகிறது. அதற்குள் பூமி சூரியனைச் சுற்றும் பாதையிலும் சற்று நகர்ந்துவிடுவதால், சூரியன் மீண்டும் அதே திசைக்கு வர மேலும் ஏறத்தாழ 4 நிமிடம் தேவைப்படுகிறது. ஆகவே ஒவ்வொரு விண்மீனும் நாள்தோறும் 4 நிமிடம் முன்னதாக உதிக்கிறது. மாதத்துக்கு அது 2 மணி நேரமாகிறது. ஜனவரி இறுதியில் இரவு 9 மணிக்கு உச்சியை ஒட்டி நிற்கும் ஓரியன் விண்மீன் கூட்டத்தை, அக்டோபர் இறுதியில் அதிகாலை 3 மணிக்கு அதே இடத்தில் காணலாம் என்பதைத் தட்டு ஒரே திருப்பலில் காட்டிவிடுகிறது.

தட்டை நவம்பர் 20, மாலை 6 மணிக்கு வைத்துப் பாருங்கள். கார்த்திகைக் கூட்டம் கிழக்கு அடிவானத்தில் இருக்கும். சூரியன் மறையும் வேளையில் அது எதிர்த்திசையில் உதிப்பதால்தான் அம்மாத முழுநிலவு அதன் அருகே நிற்கிறது. மாதத்துக்குப் பெயர் வந்ததும் அதனால்தான். மே மாத நடுவில் சூரியன் அதன் பக்கமே இருப்பதால் கார்த்திகை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

நான் முதலில் வாங்கியது வடக்கு 40 பாகை அட்சரேகைக்கு உரிய தட்டு. அது எனக்குப் பயன்படவில்லை. துருவ விண்மீனின் உயரம் நாம் இருக்கும் அட்சரேகைக்குச் சமம் என்பதால், கோவையில் அது அடிவானத்துக்கு மேல் 11 பாகைதான். அந்தத் தட்டோ அதை வானத்தின் நடுப்பகுதிக்குத் தூக்கிவிடுகிறது. அகத்தியர் விண்மீனான கனோபஸ் அதன் சாளரத்துக்குள் வரவே வராது, ஏனெனில் அந்த அட்சரேகையில் அது உதிப்பதே இல்லை. விற்பனைப் பக்கத்தில் அட்சரேகை சிறிய எழுத்தில் இருந்தது. கவனிக்காதது என் பிழை என்றாலும், அதைப் பெயருக்கு அருகிலேயே போட்டிருக்க வேண்டும் என்றே கருதுகிறேன்.

பிறகு 10 பாகைக்கு உரியதை வாங்கினேன். இன்றும் அதுவே துணை. கோள வானத்தைத் தட்டையாக்கியதால் தென்திசை விண்மீன் கூட்டங்கள் அதில் அகலமாக இழுபட்டுத் தெரிகின்றன. விருச்சிகத்தின் வாலை வானத்தில் தேட முதலில் சிரமப்பட்டேன். கோள்களும் நிலவும் இதில் இருக்காது, அவற்றின் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் இருக்கவும் முடியாது. தட்டின் மணி உள்ளூர் நேரத்தைக் குறிக்கிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்: இந்தியத் திட்ட நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது, கோவை 77 பாகையில் இருப்பதால் கடிகாரத்திலிருந்து 22 நிமிடம் கழித்துக்கொள்கிறேன். சென்னையில் 9 நிமிடம் போதும். இப்படித் திருத்தி வைத்தபோது, பிப்ரவரி 10 அன்று இரவு 9.25 மணியளவில், தட்டு சொன்னபடியே அகத்தியர் நேர் தெற்கில் 26 பாகை உயரத்தில் நின்றது.